மச்சான் போடச் சொன்ன எர்த்

அன்பும் மதிப்பும் என்றும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் உள்ள அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கும் உங்கள் தங்கைக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. என் மகள், அதாவது உங்கள் மருமகள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். இரண்டும் போதாது என்பது உங்கள் தங்கையின் கருத்து. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இந்த ஒரு மாதம் நாங்கள் இருவரும் இவளோடு வந்து தங்கியிருக்கிறோம் என்பது நீங்கள் அறிந்ததே.

வரும் வெள்ளிக்கிழமை நீங்கள் புறப்பட்டு வருவதாகவும், எர்த் குழிக்குப் போடச் செம்புக் கம்பியும் கரியும் உப்பும் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டதாகவும் தங்கையிடம் போனில் சொன்னீர்களாம். உங்கள் வருகை எங்களுக்கு எப்போதும் மகிழ்ச்சி. இருந்தாலும் மூட்டையைத் தூக்குவதற்கு முன்பு, இங்கே நடந்ததை நடந்தபடி உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை நீங்கள் முடித்து வைப்பது வழக்கம். முடிவு பல சமயம் நான் நினைத்ததாக இருப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

மகள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஒரு குளிர்ப்பெட்டி இருக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜை அதன் பக்கத்தில் வைத்தால் ஃபிரிட்ஜ் அடுப்பு என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு குளிர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிகத் துணுக்கை வைத்து, அதன் வழியாக மின்சாரம் எப்படிக் கசிந்து போகிறது என்று அளக்கிறாள். பெட்டி ஒன்றுதான், அதற்காக வரிசையில் நிற்கும் குழுக்கள் பல. இந்த மாதக் கடைசி வரைக்கும் இவளுடைய முறை. அதற்குள் நடுக்கமில்லாத சுத்தமான ஒரு வரைகோட்டை எடுத்துத் துறைத் தலைவியின் மேஜையில் வைத்தால் இவளுடைய வேலை ஒப்பந்தம் நீளும். வைக்காவிட்டால், தலைவி நல்ல மனுஷி, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வைப்பார். உங்கள் தங்கை சமையலறையில் பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாக வைப்பதற்கும் நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் காரணம் இதுதான்.

நீங்கள் துணைமின் நிலையத்தில் காலம் முழுவதும் வேலை பார்த்தவர். தொட்டால் ஆளைக் கரியாக்கும் மின்சாரத்தை மேய்த்துக் கட்டியவர். இங்கே அளக்கிற மின்சாரம் வேறு ஜாதி. வீட்டில் இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு இருக்கிறதே, அதில் ஓடும் மின்சாரத்தை ஆயிரம் கோடிப் பங்காகப் போட்டு, அதில் ஒரே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது வருகிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்றுதான் இவர்கள் பார்க்கிறார்கள். இந்தத் துளியைப் பார்க்கக்கூடிய அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுக்க, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு உலோகப் பெட்டி உண்டு. முன்பெருக்கி என்று தமிழில் எழுதலாம். ஆய்வகத்தில் எல்லாரும் ப்ரீஆம்ப் என்கிறார்கள். மகள் எனக்கு விளக்கியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: படுத்திருக்கும் நோயாளி முனகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குனிந்து கேட்டு மற்றவர்களுக்கு உரக்கச் சொல்கிறார். அவர் காதில் சரியாக விழுந்தால் சேதி சரி. அவர் தப்பாகக் கேட்டுவிட்டால், பிறகு எத்தனை பெரிய ஒலிபெருக்கி வைத்தாலும் தப்புதான் பெரிதாகும். நிருபராக நான் எத்தனையோ கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுதியவன் என்பதால் இது எனக்கு உடனே புரிந்தது. அளக்கும்போது இந்தப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓட்டுகிறார்கள். சுவரில் வரும் மின்சாரம் அசுத்தமாம். இதைக் கேட்டபோது நீங்கள் போனில் மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "கரண்டை அளக்கிற மெஷினுக்கே கரண்ட் குடுக்க மாட்டீங்களா, என்னம்மா கூத்து இது" என்றீர்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வாழ்நாளெல்லாம் ஊருக்கு அனுப்பி வைத்த சரக்கை அசுத்தம் என்றால் யாருக்குத்தான் வலிக்காது.

மதியச் சாப்பாடு கொண்டு போகிறவன் என்ற முறையில் எனக்கு ஆய்வகத்துக்குள் ஒரு நாற்காலி கிடைத்தது. அளக்கும்போது யாரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வாசலில் காத்திருப்பதில் எனக்குள்ள அனுபவத்தை மகள் அறிவாள். அவளோடு வேலை பார்க்கும் பையனுக்குப் பஞ்சுக்கால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடப்பான்; பின்னால் வந்து நின்றால் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் நடக்க வேண்டுமாம். ஏனென்றால் படிகத்திலிருந்து ப்ரீஆம்ப்புக்கு வரும் ஒயர் கொஞ்சம் அசைந்தால்கூட அந்த அசைவே ஒரு மின்சாரமாகித் திரையில் தெரியும். நான் இதை முதலில் நம்பவில்லை. அன்றைக்கு மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் சத்தமே இல்லாமல் என் நாற்காலியில் இருந்தேன். திரும்பாமலே கேட்டாள்: "அப்பா, காலாட்டுறீங்களா?"

இந்தப் பழக்கத்தை நிறுத்த உங்கள் தங்கை கல்யாணம் ஆன நாளிலிருந்து போராடுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவளால் முடியாததை அந்த டிபன் பாக்ஸ் ஒரே மதியத்தில் முடித்துவிட்டது. என் நாற்காலியின் கால் மேஜையை ஒட்டியிருந்ததாம். பஞ்சுக்கால் வந்து நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டு, "சார், திரையில உங்க முட்டி அழகா தெரியுது" என்றான். மரியாதையான பையன்.

ஒயரையெல்லாம் மேஜையோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டியும், என் முட்டியை அடக்கியும், திரையில் சின்னதாக ஒரு நடுக்கம் மிச்சம் இருந்தது. வரும், போகும். அந்த வாரம் நீங்கள் போன் செய்தபோது மகள் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டாள். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எர்த் சரியில்ல. அந்த டப்பாவுக்குத் தனியா ஒரு எர்த் போடு, எல்லாம் அடங்கிடும்" என்றீர்கள். எந்தத் தடிமனில் ஒயர், எங்கே முறுக்குவது, எப்படித் துரு சுரண்டுவது என்று எல்லாம் சொன்னீர்கள். மகள், "சரி மாமா, போட்டுடறேன் மாமா, ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றாள். நான் பக்கத்திலேயே இருந்து கேட்டேன். ஒருவர் ஒரு வேலையைச் செய்வதாகத் தெளிவாக ஒப்புக்கொண்டால் அதை ஒப்புக்கொண்டதாகவே எழுதிப் பழகியவன் நான்.

மறுநாள் மகளும் பஞ்சுக்காலும் துறைத் தலைவி கூப்பிட்டாரென்று போயிருந்தார்கள். அந்த நேரத்தில் கட்டிடத்து எலக்ட்ரீஷியன் ஒரு விளக்கை மாற்ற வந்தார். நல்ல உயரம், காதில் பென்சில், இடுப்பில் டெஸ்டர். பேச்சுக் கொடுத்ததில், உங்கள் யோசனையை அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "யாரு சார் சொன்னது? விஷயம் தெரிஞ்ச ஆளு சார் அவரு. இங்க யாரும் எர்த்தைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க" என்றார். அங்கேயே உங்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் இருவரும் நெடுநாள் பிரிந்திருந்த அண்ணன் தம்பி மாதிரி பேசினீர்கள். பிறகு அவர் ஒரு பச்சை ஒயரை எடுத்து ப்ரீஆம்ப்பின் பின்பக்கத் திருகாணியில் முறுக்கி, மேஜைக்கு அடியில் கொண்டுபோய், சுவரோரத்து எர்த் பட்டையில் இறுக்கினார். நான் டார்ச் பிடித்தேன். வேலை சுத்தமாக இருந்தது என்பதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். மகள் திரும்பி வந்தபோது அவளிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அவளே செய்வதாக ஒப்புக்கொண்ட வேலை முடிந்திருக்கிறது, இதில் தனியாக அறிவிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று மாலை ப்ரீஆம்ப்பை இயக்கினார்கள். முன்பு சின்ன நடுக்கம் இருந்த இடத்தில் சீப்பின் பல் மாதிரி வரிசையாக எழும்பி நின்றது கோடு. படிகத்தின் சேதி எங்கோ அடியில் மூழ்கிவிட்டது. அதிலிருந்து அந்த அறையில் நடந்தது ஒரு போலீஸ் விசாரணை. விளக்குகளை அணைத்தார்கள். போன்களை வெளியே வைத்தார்கள். சார்ஜர்களைப் பிடுங்கினார்கள். பக்கத்து அறைக்காரரிடம் போய் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள்; அவர் வியர்வையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒயர் முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். விரல் ரேகை பட்டிருந்தால்கூட அதன் வழியே மின்சாரம் கசியுமாம். பேட்டரியை மாற்றினார்கள். என் காதுக் கருவியையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். அதற்குப் பிறகு அன்று அறையில் பேசப்பட்டவற்றுக்கு நான் பொறுப்பல்ல. சீப்பு மட்டும் அப்படியே நின்றது. எனக்குள் ஒரே ஒரு ஆறுதல்: நல்லவேளை மச்சான் எர்த் போடச் சொன்னார், அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் என்ன ஆகியிருக்குமோ.

இப்படியே நாட்கள் போயின. உங்கள் தங்கை தட்டில் வைத்ததை மகள் கிளறிவிட்டு எழுந்து போவாள். கடைசியில் துறைத் தலைவியே வந்து திரையைப் பார்த்தார். ப்ரீஆம்ப்தான் கெட்டிருக்கிறது, தயாரித்தவர்களுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். அது போய்ச் சரியாகித் திரும்பி வருவதற்குள் மாதம் முடிந்து குளிர்ப்பெட்டி அடுத்த குழுவின் கைக்குப் போய்விடும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்தது. அவர் போன பிறகு மகள் அட்டைப்பெட்டியும் பஞ்சும் எடுத்து வந்து வைத்துவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ப்ரீஆம்ப்பைத் தூக்கினாள். அது வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தை மாதிரி அது வர மறுத்தது. பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பச்சை ஒயரை யாரு போட்டது?"

"மாமா."

"மாமா எப்ப வந்தாங்க?"

"வரல. சொன்னாங்க. நீயும் போட்டுடறேன்னு சொன்னியே."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சுக்கால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. திரையில் அது தெரிந்திருக்கும், நல்லவேளை ப்ரீஆம்ப் அணைந்திருந்தது.

"அப்பா," என்றாள் மகள், ரொம்பப் பொறுமையாக, "மாமா ஒண்ணு சொல்லி நான் என்னிக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"என்னிக்காவது செஞ்சிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன் மச்சான். நீங்களும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் இதைக் கேட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க அண்ணன் மனசு கோணாம தலையாட்டறது எங்க வீட்டு வழக்கம். எங்க அப்பாவே அப்படித்தான். இத்தனை வருஷமா இந்த வீட்டு மாப்பிள்ளையா இருக்கீங்க, இதுகூடத் தெரியாமலா அவர் சொன்னதைப் போய்ச் செஞ்சீங்க?" உங்கள் குடும்பத்தில் பெண் எடுத்து இவ்வளவு காலமான பிறகு, நீங்கள் சொன்னதைச் சொன்னபடி நிறைவேற்றிய முதல் ஆள் நான்தான் என்று தெரிகிறது. இதை ஒரு பெருமையாகவே எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எர்த் போட்டால் நல்லதுதானே, அது எப்படிக் கெடுத்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பஞ்சுக்கால் சொன்னான்: "சார், எர்த் ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கு. ஒரே வாசல் உள்ள வீட்டுக்குள்ள காத்து வீசாது. எதிர்ல இன்னொரு வாசலைத் திறந்தா, இதுல நுழைஞ்சு அதுல போகும். நீங்க ரெண்டாவது வாசலைத் திறந்துட்டீங்க, ஊர் கரண்டெல்லாம் நடுவுல புகுந்து போய்க்கிட்டிருந்துச்சு." உங்கள் துணைமின் நிலையத்தில் எத்தனை வாசல் திறந்தாலும் பாதுகாப்புதான், அங்கே வரும் யானைக்குக் காற்று ஒரு பொருட்டல்ல. இங்கே இருப்பது ஒரு தூசு. உங்கள் யோசனையில் குறை இல்லை மச்சான், அது பெரிய இடத்து யோசனை.

ஒயரைக் கழற்றியதும் சீப்பு படுத்துவிட்டது. துறைத் தலைவி ப்ரீஆம்ப் நல்லபடியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பழைய சின்ன நடுக்கம் மட்டும் இன்னும் வந்து போகிறது. மெதுவாக, திரும்பத் திரும்ப அளந்து, கூட்டிக் கழித்து அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறாள் மகள். அதற்கு மிச்சமிருக்கும் நாள் போதும், யாரும் குறுக்கே வராமல் இருந்தால். "யாரும்" என்று அவள் சொன்னபோது என்னைத்தான் பார்த்தாள். ஆனால் உங்களையும் சேர்த்தே சொன்னாள் என்று எனக்குப் பட்டது.

ஆகவே மச்சான், மனம் நோகாமல் கேட்டுக்கொள்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை பயணத்தை ஒத்திப் போடுங்கள். மூட்டையை அவிழ்த்து உப்பைச் சமையலறைக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் வந்து ஒரு வாரம் நிம்மதியாக எங்களோடு தங்குங்கள். எங்கள் வீட்டு மோட்டார், கிரைண்டர், அழைப்பு மணி எதை வேண்டுமானாலும் பிரித்துப் போடுங்கள். நான் டார்ச் பிடிக்கிறேன். இந்த ஒரு டிபன் பாக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கையால் விளக்கு எரிந்த வீடுகள் அத்தனையின் வாழ்த்தும் உங்கள் உடல்நலத்துக்குத் துணை நிற்கட்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: இதை நேற்றே கூரியரில் போட்டிருக்க வேண்டும். உறைக்குள் வைக்கும் நேரத்தில் மகள் போன் செய்தாள். ஆய்வகக் கட்டிடத்து லிஃப்ட் பழுதாகி நின்றுவிட்டதாம். எல்லாரும் திட்டிக்கொண்டே படியேறினார்களாம், மகளும் பஞ்சுக்காலும் மட்டும் கைகொட்டிச் சிரித்தார்களாம். லிஃப்ட் நின்ற நேரம் முழுக்கக் கோடு நூல் பிடித்தமாதிரி நேராக ஓடியதாம். பிறகு எலக்ட்ரீஷியன் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார். உடனே நடுக்கம் திரும்ப வந்துவிட்டது. லிஃப்ட் மோட்டாரின் எர்த் ஒயர் நேராகக் கீழே இறங்காமல், ஆய்வகத்துச் சுவிட்ச் பலகை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எர்த் சரியில்லை என்று நீங்கள் சொன்னது உண்மைதான் மச்சான். எந்த எர்த் என்பதில்தான் கொஞ்சம் இடம் மாறிவிட்டது.

இதை மாற்றாமல் சமாளிக்க முடியாது என்று மகளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்ப அளந்ததைக் கூட்டிப் பார்த்தால் லிஃப்ட் எத்தனை முறை ஏறி இறங்கியது என்றுதான் கணக்கு வருகிறதாம். மாற்ற வேண்டியவர் எலக்ட்ரீஷியன். அவர் மாட்டேன் என்கிறார். நாம் போட்ட பச்சை ஒயரைக் கழற்றியதிலிருந்து அவருக்கு மனத்தாங்கல். "இவங்க அளக்கிறது கரண்டே இல்ல சார். அதை வெச்சு ஒரு எறும்பைக்கூடத் துள்ள வைக்க முடியாது. இதுக்காக லிஃப்டு எர்த்தைப் பிரிக்கணுமா? போன்ல பேசினாரே ஒருத்தர், அவரு வந்து நின்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் செய்றேன்" என்கிறார். துறைத் தலைவி சொல்லியும் கேட்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு மகள், "மாமாவை உடனே வரச் சொல்லுங்கப்பா" என்றாள். முன் அனுபவம் காரணமாக, நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நிஜமாகத்தான் சொல்கிறாள்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். நடந்தது முழுவதும் தெரிந்தால்தான் எலக்ட்ரீஷியனிடம் நீங்கள் பேச முடியும், போனில் முழுவதும் சொல்லி முடிக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்காது என்பதால் அப்படியே அனுப்புகிறேன். பயணத்தை ஒத்திப் போடச் சொன்ன பகுதியை மட்டும் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இது கைக்குக் கிடைத்த அன்றே வண்டி ஏறுங்கள். நீங்கள் வந்து சேரும் வரை மகள் அளக்கிற நேரமெல்லாம் நான் கீழே லிஃப்ட் வாசலில் நின்று, ஏற வருகிறவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் விதிவிலக்குத் தர முடியாத நிலை. ஆய்வகம் மேல் மாடியில். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், உட்கார்ந்து உட்கார்ந்து மெதுவாக ஏறி வாருங்கள்.